மனைக்கண் ஓவியப் பயிற்சி: ஓவிய நூலும் கோல ஏடும்

தோற்றுவாய்

தமிழகத்து ஓவியக் கலையின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் பலரும் கோயிற் சுவர்களையும் குடைவரைகளையும் அரண்மனைகளையுமே தம் ஆராய்ச்சிக்குக் களனாகக் கொண்டனர். முதிர்ந்த கலைஞனின் கை எழுதியதையே அவர்தம் நூல்கள் பேசுகின்றன. அக்கை எவ்வாறு பழகிற்று, இளம் பருவத்தில் எதனை நோக்கி எதன்மேல் எழுதிற்று என்னும் வினாக்கள் பெரிதும் எழுப்பப்படவில்லை. ஓவியரல்லாத எளிய குடும்பங்களில், ஆசிரியர் ஒருவரும் அருகிலின்றி, தாயின் துணையும் ஓர் ஏட்டின் துணையுமே கொண்டு குழந்தைகள் வரையக் கற்ற வரலாறோ இன்னும் எழுதப்படாததாகவே உள்ளது.

அவ்வரலாற்றின் ஒரு பகுதியை, விழுப்புரம், திண்டிவனம் என்னும் ஈரூர்களையும் அவற்றைச் சூழ்ந்த நிலப்பகுதியையும் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபொழுது தோன்றிய விழுப்புரம் மாவட்டத்தில் இவ்விரண்டும் அடங்கும். சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை இவ்விரண்டையும் இணைக்கின்றது. இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வரலாற்றுக்கு முற்பட்ட பாறை ஓவியம், பல்லவர் காலத்துச் சுவரோவியம், நாடோறும் வாயிலில் எழுதி அழியும் கோலம் ஆகிய மூன்றும் ஒரு நாட் செலவுக்குள் காணக்கூடிய நிலம் இது.

குழந்தை வீட்டிலிருந்தே வரையக் கற்பதற்கு நூலினை எவ்வாறு பயன்படுத்துதல் வேண்டும் என்னும் வினாவிற்கு, நம் மகளிர் வளர்த்த கோல ஏட்டு மரபிலேயே விடை உளது என்பது யாம் ஈண்டு நிறுவ விழையும் கருத்தாகும்.

எழுதுதல் என்னும் சொல்

தமிழில் 'எழுது' என்னும் வினை எழுத்தை வரைதற்கும் உருவத்தை வரைதற்கும் ஒருங்கே வழங்குவது. ஓலையில் எழுதுவதும் எழுத்தே. சுவரில் எழுதுவதும் எழுத்தே. கண்ணுக்கு மை எழுதினர். மகளிர் மேனியில் சந்தனக் குழம்பால் தொய்யில் எழுதினர். மடலேறத் துணிந்த தலைவன் தலைவியின் வடிவைக் கிழியில் எழுதிக் கையிற் கொள்வான் என்பது அகப்பொருள் மரபு. திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் நிறைந்திருந்த மண்டபத்தைப் பாடும் பரிபாடற் செய்யுள் அதனை எழுத்துநிலை மண்டபம் என்றே சுட்டுகின்றது. அங்கு வந்தோர் இவ்வுருவம் யாது, அவ்வுருவம் யாது என வினவ, அறிந்தோர் சுட்டி விளக்கினர் என்றும் அச்செய்யுளால் அறிகின்றோம். ஓவியத்தைச் சுட்டி வினவி அறிதல் என்னும் பழக்கம் அத்துணைத் தொன்மை உடையது.

இச்சொல் வழக்கு நமக்கு ஒன்று உணர்த்துகின்றது. எழுத்தும் ஓவியமும் ஒரே கைத்தொழிலின் இரு கிளைகள் என்றே நம் முன்னோர் கருதினர். இக்காலத்துப் பெற்றோர் எழுத்துப் பயிற்சியைக் கல்வி என்றும் ஓவியப் பயிற்சியைப் பொழுதுபோக்கு என்றும் பிரிப்பர். அப்பிரிவுக்குத் தமிழ்ச் சொல்லில் இடமில்லை. காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் தம் கையெழுத்து அழகின்றி அமைந்தமைக்கு வருந்தி, குழந்தைகளுக்கு எழுத்துக்கு முன் ஓவியமே கற்பிக்கப்படல் வேண்டும் எனத் தம் முடிபைக் கூறியுள்ளார். உருவத்தை நோக்கி வரையப் பழகிய கைக்கே எழுத்தும் திருத்தமாக அமையும் என்பது அவர் கருத்து. 'எழுது' என்னும் ஒரு சொல்லில் நம்மவர் பொதிந்து வைத்ததும் ஏறத்தாழ இதுவே.

பழைய ஓவிய நூல்கள்

நூல்வழி ஓவியம் கற்றல் தமிழர்க்குப் புதிதன்று. ஆடல் மகளிர் பயில வேண்டிய கலைகளைத் தொகுத்துக் கூறும் மணிமேகலை ஆசிரியர் ஓவிய நூலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், அமர்ந்த நிலைகளின் வகைகளை ஓவிய நூல் வழி நின்று பெயர் சுட்டி விளக்குகின்றார். அந்நூல்கள் இன்று நமக்குக் கிடைத்தில. எனினும் அவை உருவத்தின் நிலைகளை வகைப்படுத்திக் கற்பித்தன என்பது அவ்வுரையால் புலனாகும்.

நெடுநல்வாடையில் பயிலும் 'புனையா ஓவியம்' என்னும் தொடர் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. அணிகலன் நீத்த தலைவிக்கு உவமையாக வந்த அத்தொடருக்கு, வண்ணம் தீட்டாது வடிவை மட்டும் கோட்டால் வரைந்த சித்திரம் என்னும் பொருள்பட நச்சினார்க்கினியர் உரை கண்டார். வண்ணம் பின், கோடு முன் என்னும் முறை அக்காலத்தே நிலைபெற்றிருந்தது என்பதற்கு இது சான்று. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்னும். காண்போர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் விளக்கம். கோடு கையின் தொழில். அது சென்று நிற்கும் இடம் கண். ஓவியக் கல்வி இவ்விரண்டையும் ஒருங்கே பழக்குதல் வேண்டும் என்பது இவ்விரு தொடர்களாலும் பெறப்படும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட நிலப்பகுதிக்கு வருவோம். விழுப்புரத்தினின்று செஞ்சி செல்லும் பக்கத்தில் மண்டகப்பட்டு என்னும் ஊர் உளது. ஆங்குள்ள குடைவரையைச் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி அயன், அரன், அரி என்னும் மூவர்க்கும் விசித்திரசித்தன் ஆக்கினான் என அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கின்றது. விசித்திரசித்தன் என்பான் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் ஆவான். இவனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்னும் பட்டமும் உண்டு. மாமண்டூர்க் குடைவரையின் சிதைந்த கல்வெட்டைக் கொண்டு, தட்சிணசித்திரம் என்னும் ஓவிய நூலுக்கு இவன் உரை வகுத்தான் என ஆராய்ச்சியாளர் கருதுவர். அக்கருத்து ஏற்கப்படின், ஓவிய நூலுக்கு உரை கண்ட மன்னனின் கைவண்ணம் விழுப்புரத்தார்க்கு மிக அணித்தே நிற்கின்றது என்னலாம்.

அவன் மரபில் வந்த இராசசிம்மன் எடுப்பித்த பனைமலைத் தாளகிரீசுவரர் கோயிலிலும் ஓவியம் உளது. இறைவன் ஆடலைக் காணும் தேவி, தலைக்குமேல் குடை நிழற்ற, ஒரு கால் மடித்துச் சாய்ந்து நிற்கும் கோலம் அது. வண்ணம் பெரிதும் மங்கிய இடங்களிலும் கோடு நிலைத்துள்ளது. மேனியின் வளைவை ஒரே இழுப்பில் காட்டும் அக்கோட்டை நோக்குவார்க்குப் 'புனையா ஓவியம்' என்பதன் பொருள் உரையின்றியே விளங்கும். இன்னும் பழமையானவை கீழ்வாலைப் பாறை ஓவியங்கள். செங்காவி நிறத்தால் எழுதப்பட்ட அவற்றில் மனித உருவங்கள் ஓரிரு கோடுகளால் ஆயவை. எண்ணிறந்த குழந்தை வரைபடங்களைத் தொகுத்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரோடா கெல்லாக் அம்மையார் 1969இல் வெளியிட்ட நூலில், உலகெங்கும் குழந்தைகள் கிறுக்கலில் தொடங்கி, வட்டமும் குறுக்குக் கோடும் கண்டு, பின்னரே மனித உருவை அடைகின்றனர் எனக் காட்டினார். வட்டமும் கோடுமே உருவத்தின் வித்து என்னும் அவ்வுண்மையைக் கீழ்வாலைக்குச் செல்வார் பாறைமீதே காணலாம்.

ஆயின், பழைய ஓவிய நூல்கள் யார்க்கு உரியன? அரசர்க்கும் ஆடல் மகளிர்க்கும் கைவினைக் குடியினர்க்கும் உரியன. உழவர் வீட்டுச் சிறுமியின் கைக்கு அவை எட்டியிரா. அவளுக்குக் கிடைத்த ஏடு வேறு.

மணலும் படியேடும்

அவள் கைக்கு முதலில் எட்டியது மணல். மணலில் சிற்றில் இழைத்தலும், கண்ணை மூடி வட்டம் இழைத்துக் கூடல் பார்த்தலும் மகளிர் விளையாட்டாக நம் இலக்கியங்களில் பயில்வன. ஆண்டாள் தை நோன்பைக் கூறுமிடத்துத் தரையைத் தூய்மை செய்து மணலால் மண்டலம் இட்டதைப் பாடுகின்றார். திண்ணைப் பள்ளிகளிலும் குழந்தைகள் மணல் பரப்பி விரலால் எழுதியே எழுத்தறிந்தனர்.

இம்மணற் பயிற்சி கடல் கடந்து சென்ற வரலாறு அறியத்தக்கது. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண் மக்கட்கென அமைந்த இல்லத்தைக் கண்காணித்த ஆண்ட்ரு பெல் என்பார், உள்நாட்டுப் பள்ளியொன்றில் சிறார் மணலில் விரலால் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் மாணவர்க்கும் புகுத்தினார். முன்னே கற்ற மாணவன் பின்னே கற்பானுக்குக் கற்பிக்கும் முறையையும் மேற்கொண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வாயிலாக அது சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவிற்று. ஏழை மாணவர் பயின்ற அந்நாட்டுப் பள்ளிகளில் மணற்றட்டுகள் இடம்பெற்றன. தாளும் மையும் வாங்கும் பொருளில்லாதார்க்கு எழுதுகளம் தந்த பெருமை நம் திண்ணைகளுக்கு உண்டு.

அரை நூற்றாண்டு கழித்து மறுதிசையில் ஒன்று வந்தது. 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். இந்நாள் அரசு கவின் கலைக் கல்லூரியாகத் திகழ்வது அதன் வழிவந்ததேயாகும். அக்காலத்து இங்கிலாந்தில் ஓவியக் கல்வியை ஆண்டது இலண்டன் தென் கென்சிங்டனில் வகுக்கப்பட்ட முறை. அச்சிட்ட மாதிரிப் படத்தை நோக்கி அதன் புறக்கோட்டை அணுவும் பிறழாது படியெடுத்தலே அம்முறையின் முதற்படி. தொழிற்சாலைகட்கு வேண்டிய வடிவமைப்பாளரை உருவாக்குதல் அதன் குறிக்கோள். அம்முறையே இந்நாட்டு ஓவியப் பள்ளிகளுக்கும், அவற்றின் வழியே பள்ளிக்கூட ஓவிய வகுப்புகளுக்கும் வந்தது. தமிழகத்தில் நடைபெற்றுவரும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகளின் ஓவியப் பாடங்களில் இளநிலை, முதுநிலை என்னும் பிரிவுகள் அமைந்தமை அம்மரபின் தொடர்ச்சியே.

இங்கிலாந்திலேயே இம்முறையை எதிர்த்தோர் இருந்தனர். ஜான் ரஸ்கின் 1857இல் வெளியிட்ட ஓவியத் தொடக்க நூல், ஆசிரியர் அருகிலின்றி வீட்டிலிருந்தே பயில்வார்க்கெனக் கடித வடிவில் எழுதப்பட்டது. அதன் முகவுரையில் அவர் கூறுவது பெற்றோர் கருதத்தக்கது. பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் நிரம்பாத குழந்தையை ஓவியப் பயிற்சிக்கு வலிந்து உட்படுத்தலாகாது. விருப்பமுள்ள குழந்தை கிடைத்த தாளிலெல்லாம் கிறுக்கும். அதனை அவ்வாறே விடுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. வீட்டில் நூல்வழி ஓவியம் பயிற்ற முன்வந்த ஆசிரியரே இளங்குழந்தைக்கு நூலைத் திணியாதீர் என்று தடுத்தமை நோக்குக. நூல் எப்பொழுது துணையாகும், எப்பொழுது தளையாகும் என்பதை அறிந்த பின்னரே அதனைக் குழந்தையின் கையில் தருதல் வேண்டும்.

கோல ஏடு

மேற்கூறிய இருவகை நூல்களுக்கும் வேறாக, வரலாற்றாசிரியர் கண்ணிற்படாத மூன்றாம் வகை ஒன்று நம் இல்லங்களில் வழங்கி வந்துள்ளது. அதுவே கோல ஏடு. தாய் தன் திருமணத்திற்கு முன்னரே குறித்து வைக்கத் தொடங்கிய பழைய பள்ளிக் குறிப்பேடாக அஃது இருக்கலாம். மார்கழித் திங்களில் மகளிர் இதழ்கள் அளிக்கும் இணைப்பாகவோ, தேர்த் திருவிழாக் கடையில் விற்கும் சிறு புத்தகமாகவோ இருக்கலாம். எவ்வடிவில் இருப்பினும் அதனைப் பயன்படுத்தும் முறை ஒன்றே.

அம்முறையைச் சிறிது விளக்குவாம். கோல ஏட்டில் படத்தின் தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கும். '7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை' என்பது போல்வது அது. நடு வரிசையில் 7 புள்ளி. அதற்கு மேலும் கீழும் இரு புள்ளிகளின் இடைவெளிக்கு நேரே 6, பின் 5, பின் 4 எனக் குறைந்து முடியும் என்பது அதன் பொருள். எண்ணிப் பார்ப்பின் மொத்தம் 37 புள்ளிகள். இனி, 'நேர்ப்புள்ளி, 5 புள்ளி, 1 வரை' எனின் 1, 3, 5, 3, 1 என ஒன்றன்கீழ் ஒன்றாக 13 புள்ளிகள் அமையும். ஒரு வரிக் குறிப்பில் களம் முழுதும் அடங்கிவிடுகின்றது. களம் அமைந்தபின், புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோட்டால் சிக்குக் கோலமும், புள்ளிகளை இணைக்கும் கோட்டால் பூவும் பறவையும் தேரும் எழுதப்படும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக் கணித அறிஞர் கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் உடனாய்வாளரும் கோலத்தின் அமைப்பை இலக்கண விதிகளாக வகுக்கலாம் என 1974இல் வெளியிட்ட ஆய்வுரையில் காட்டினர். மொழிக்கு இலக்கணம் இருத்தல் போலக் கோலத்திற்கும் இலக்கணம் உண்டு என்பதும், அவ்விலக்கணத்தை எழுத்தறியாத தாய்மாரும் பிழையின்றிக் கையாண்டனர் என்பதும் இதனால் போதரும்.

இனி, ஏட்டினின்று தரைக்குக் கோலம் வரும் வழியை நோக்குவோம். சாணம் தெளித்துப் பெருக்கிய வாயிலில் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுதுதல் அரிது. ஈரத் தரையும் மாவு படிந்த கையும் ஏட்டிற்கு ஆகா. ஆதலின், இரவே ஏட்டை நோக்கி மனத்திற் கொள்ளுதல் வேண்டும். விரலால் ஏட்டின்மேல் கோட்டைத் தொடர்ந்து பார்ப்பர்; தாளில் ஒருமுறை எழுதிப் பார்ப்பர்; விடியலில் ஏடின்றித் தரையில் எழுதுவர். ஏட்டிலுள்ள கையகலப் படம் தரையில் பல மடங்கு பெரிதாகின்றது. அளவு முழுதும் மாறுகின்றது. கோட்டின் ஓட்டத்தையும் புள்ளிகளின் உறவையும் உணர்ந்தாலன்றி இம்மாற்றம் இயலாது. பிழை நேரின் விரலால் துடைத்துத் திருத்துவர். மாலைக்குள் கோலம் காலடியில் அழியும். மறுநாள் புதிதாக எழுதுவர். பிழையைக் குறித்த அச்சத்திற்கு அங்கு இடமே இல்லை.

குழந்தை இதனுட் புகும் வரிசையும் சிறப்புடையது. முதலில் தாயின் அருகமர்ந்து காணும். அடுத்து, தாய் சொல்லும் எண்ணிக்கையிற் புள்ளி வைக்கும். பின்னர், தாய் வரைந்த உருவின் உள்ளே வண்ணப்பொடி தூவும். பின்னர், முற்றத்தில் ஒரு மூலையில் தனக்கெனச் சிறு கோலம் இடும். இறுதியில் ஒருநாள் வாயிற்கோலம் அதன் கைக்கு வரும். அன்று தெருவார் அதனைக் காண்பர். இவ்வரிசையில் வகுப்பு இல்லை, கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. எனினும் கற்பித்தலுக்கு வேண்டிய படிநிலைகள் யாவும் உள.

கோல ஏடு ஒருபோதும் கோலத்தின் இடத்தைக் கொள்வதில்லை என்பதே நாம் இதனாற் பெறும் முடிபு. கண்ணுக்கு உருவையும் மனத்திற்கு விதியையும் தந்தபின் அது விலகி நிற்கும். தென் கென்சிங்டன் படியேடு கையை நூலோடு பிணித்தது. கோல ஏடு கையை நூலினின்று விடுவிக்கின்றது.

படியெடுத்தல் நன்றா, தீதா?

ஈண்டு ஒரு தடை எழலாம். பிறர் எழுதிய உருவைப் படியெடுத்தல் குழந்தையின் கற்பனையைக் கெடுக்கும் என்பது 20ஆம் நூற்றாண்டுக் கல்வியாளர் பலரின் கொள்கை. வியன்னா நகரில் 1897இல் சிறார் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்சு சிசெக், குழந்தை ஓவியத்திற்குத் தனி மதிப்பு உண்டு எனக் கண்டு, வளர்ந்தோரின் முறைகளைத் திணிப்பதை மறுத்தார். விக்டர் லோவன்ஃபெல்டு 1947இல் வெளியிட்ட நூலில், பிறர் வரைந்த கோட்டினுள் வண்ணம் நிரப்பும் ஏடுகளை வன்மையாகக் கண்டித்தார். தான் வரையும் உருவில் குழந்தைக்கு உள்ள நம்பிக்கையை அவை அழிக்கும் என்பது அவர் கூற்று.

எனினும், பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்னும் அறிஞர் இணையர் 1977இல் வேறொரு கருத்தை முன்வைத்தனர். இளையோர் வரையும் உருவங்களுக்கு அவர்கள் முன்னர்க் கண்ட படங்களே மூலம் என்பதை அவர்கள் ஆராய்ந்து காட்டினர். படக்கதைகளையும் பிற படங்களையும் கண்டே குழந்தை வரையக் கற்கின்றது. மொழியைப் பிறர் வாய்க்கேட்டுக் கற்றல் போல்வது அது.

தமிழகத்து வரலாறும் இரண்டாம் கருத்துக்கு அரண் செய்கின்றது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழில் சங்கர் எழுதிய விக்கிரமாதித்தனும் வேதாளமும், ஆனந்த விகடனில் சில்பி எழுதிய கோயிற் சிற்பங்கள், 1950 முதல் கல்கியில் பொன்னியின் செல்வனுக்கு மணியம் எழுதிய உருவங்கள் ஆகியன எத்துணையோ சிறார்க்கு ஓவிய ஆசிரியர்களாய் அமைந்தன. ஓவியப் பள்ளியை அறியாத சிற்றூர்களில் அவ்விதழ்களே ஓவிய நூல்கள். சில்பியின் படத்தைப் படியெடுத்த சிறுவன், தன் ஊர்க் கோயிலின் தூணைப் புதிய கண்ணோடு நோக்கினான் எனின், படியெடுத்தல் அவனுக்கு நன்றே செய்தது. படத்தோடு நின்றுவிட்டான் எனின், லோவன்ஃபெல்டின் கண்டனம் அவனளவில் உண்மையாயிற்று.

ஆகவே, படியெடுத்தலின் நன்மையும் தீமையும் அதற்குப்பின் நிகழ்வதைப் பொறுத்தன. ஏட்டை மூடியபின் குழந்தையின் கையில் ஏதேனும் எஞ்சுகின்றதா என்பதே உரைகல். கோல மரபில் அவ்வுரைகல் நாடோறும் விடியலில் பயன்பட்டது.

கோலம் கணித வடிவமே ஆதலின் மரத்தையும் மாந்தரையும் வரைய அஃது எங்ஙனம் துணையாகும் எனின், கூறுதும். சமச்சீரை உணர்தல், இடைவெளியை அளத்தல், கையை எடுக்காது நெடிய வளைகோடு இழுத்தல், முழுமையை முன்னரே மனத்திற் காணல் என்னும் நான்கும் கோலத்தால் வருவன. இந்நான்குமின்றி எவ்வுருவமும் அமையாது. பனைமலைத் தேவியின் மேனியை வரைந்த கோட்டிலும் இவையே உள.

இற்றை நிலையும் செயற்பாலனவும்

இவ்வாராய்ச்சி பழம்பெருமை பேசுதற்கு மட்டும் உரியதன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளுக்கே கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் உரியர். தமிழக அரசு 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியரை அமர்த்தியது. அவ்வெண்ணிக்கையும் பல பாடங்களுக்கிடையே பங்கிடப்பட்டது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கும், மாணவர் குறைந்த சிற்றூர்ப் பள்ளிக் குழந்தைக்கும் ஓவிய ஆசிரியர் கிடைத்தல் அரிது. செஞ்சிச் சாலையிலும் மரக்காணச் சாலையிலும் உள்ள சிற்றூர்களின் குழந்தைக்கு ஓவியம் வர வேண்டுமாயின், அஃது இல்லத்தின் வழியே வருதல் வேண்டும். ஒரு நூலின் துணையோடு வருதல் வேண்டும்.

அதே வேளையில், இல்லத்து மரபோ மெலிந்து வருகின்றது. மண் வாயில் சிமெந்துத் தரையாயிற்று. நகரங்களில் அடுக்கு வீடுகள் பெருகின. ஒட்டுக் கோலமும் அச்சுக் கோலமும் கடைகளில் விற்கின்றன. ஒட்டும் கோலத்தில் நோக்குதலும் இல்லை, நினைத்தலும் இல்லை, கையும் இல்லை. ஓவியக் கல்வியின் முதற் பள்ளி ஒன்று, பள்ளி என்றே அறியப்படாமல் மூடப்படுகின்றது.

இந்நிலையில், கோல ஏட்டின் முறையை எல்லா ஓவிய நூல்களுக்கும் விரித்துக் கொள்ளுதல் இயலும். பெற்றோர் ஓவியம் அறிந்திருத்தல் வேண்டா. குழந்தை விரும்பும் படமுள்ள எந்நூலும் ஆகும். முதலாவது, நூலிலுள்ள உருவை விரலால் தொடர்ந்து பார்க்கச் செய்க. இரண்டாவது, அவ்வுருவில் வட்டம் எது, கோடு எது, எது எதனினும் பெரிது எனச் சுட்டி வினவுக. பரங்குன்றத்து மண்டபத்தில் நிகழ்ந்தது போன்ற உரையாடல் அது. மூன்றாவது, நூலை மூடிவிட்டு நினைவினின்று எழுதச் செய்க. சுண்ணக்கட்டி கொண்டு தரையிலோ, குச்சியால் மணலிலோ பெரிதாக எழுதுதல் நன்று. நான்காவது, நூலைத் திறந்து ஒப்பு நோக்கும் உரிமையைக் குழந்தைக்கே தருக. பிழையைப் பெற்றோர் சுட்டுதல் வேண்டா. ஐந்தாவது, அப்பொருளையே புறத்தே காட்டுக. நூலில் பனையைக் கண்ட குழந்தைக்கு ஏரிக்கரைப் பனையையும், பறவையைக் கண்ட குழந்தைக்கு 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியின் நாரையையும், மரத்தின் வளையங்களைக் கண்ட குழந்தைக்குத் திருவக்கரையின் கல்மரத்தையும் காட்டலாம். மலையை வரைய விழைவார்க்குச் செஞ்சிக் குன்றுகள் உள. வண்ணம் இவையனைத்திற்கும் பின் வருக. புனையா ஓவியமே முதற்படி.

இன்னொன்றும் கூறுதல் கடன். கோலம் பெண் மக்கட்கே உரியது என்னும் வழக்கால், ஆண் குழந்தைகள் இப்பயிற்சியை இழந்தனர். தாய் புள்ளி வைக்குமிடத்து மகளோடு மகனும் அமர்தல் வேண்டும். ஓவியம் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொதுவாகிய கையின் கல்வி.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தமிழகத்தில் ஓவியம் பயிற்றிய நூல்மரபு மூவகைப்படும் என்பதும், அவற்றுள் பழைய ஓவிய நூல் கலைஞர்க்கும் அயல்நாட்டுப் படியேடு தேர்வுக்கும் தொழிலுக்கும் உரியனவாக, கோல ஏடு ஒன்றே இல்லத்துக் குழந்தைக்கு உரியதாய் அமைந்தது என்பதும், நோக்கல், நினைத்தல், மூடி எழுதல், அழித்து மீண்டும் எழுதல் என்னும் அதன் முறை இன்றும் எந்நூலுக்கும் பொருந்தும் என்பதும் விளங்கும்.

பாறை ஓவியத்தைத் தொல்லியல் துறை காக்கின்றது. பல்லவர் ஓவியத்திற்கும் காப்பு உண்டு. ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சூழ்ந்த ஊர்களிலும் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடக்கும் கையெழுத்துக் கோல ஏடுகளைக் காப்பார் இலர். மூதாட்டியர் மறைய, அவையும் பழந்தாளோடு விலைக்குப் போகின்றன. ஓலைச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற மரபுடையது தமிழ்த்துறை. அத்துறை மாணவர் இவ்வேடுகளையும் தேடித் தொகுத்து, எழுதியவர் ஊரும் காலமும் குறித்து, படி எடுத்து வைப்பாராயின், நம் மகளிர் இயற்றிய ஓவிய நூல் ஒன்று உலகிற்குக் கிடைக்கும். தொலைந்த பழைய ஓவிய நூல்களுக்காக வருந்தும் நாம், கண்ணெதிரே தொலைகின்ற இதனையேனும் காத்தல் வேண்டும்.